மோத்தியின் எட்டு வாரங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் வங்கி தந்த நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த நாளும் குறிக்கப்படும் அதன் கட்டங்களில், சென்ற ஆண்டு முழுவதும் வேறொரு கணக்கு ஏறியது. நாளுக்கு ஓர் எண்: 8, 8, 7, 8, 6 என்று. அது எங்கள் நாய் மோத்தியின் அரிப்புக் கணக்கு. 0 என்றால் அன்று அவன் சொறியவே இல்லை. 10 என்றால் உண்ணாமலும் உறங்காமலும் சொறிந்தான் என்று பொருள்.

மோத்தி 28 கிலோ எடையுள்ள லாப்ரடார். புணே நகரின் கோத்ரூட் பகுதியில், மூன்றாம் மாடிக் குடியிருப்பில் எங்களோடு வளர்பவன். வீட்டில் நாங்கள் நால்வர்: கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், எண்பதை நெருங்கும் அப்பா. வேலையின் பொருட்டு இந்நகருக்கு வந்து குடியேறியவர்கள் நாங்கள். சைவ உணவு உண்பவர்கள். ஆகவே மோத்திக்கும் கடையில் வாங்கும் உலர் உணவு ஒரு வேளை, தயிர்ச்சோறோ பாலில் ஊறிய சப்பாத்தியோ ஒரு வேளை என்பது நாலாண்டுப் பழக்கமாக இருந்தது.

நான்காம் வயதில் தொல்லை தொடங்கியது. முதலில் இரவில் பாதங்களை நக்கும் ஓசை. பிறகு காதுகள் சிவந்து, அவற்றிலிருந்து புளித்த மாவைப் போன்ற வாடை வீசலாயிற்று. அக்குளிலும் தொடையிடுக்கிலும் முடி உதிர்ந்து தோல் கறுத்தது. நள்ளிரவில் அவன் பின்னங்காலால் காதைச் சொறியும்போது கால் தரையில் மோதும் ஓசை வீடு முழுவதும் கேட்கும். அடுத்த அறையில் அப்பா விழித்தபடி படுத்திருப்பார்.

அறிவுரைக்குக் குறைவில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய உறவினர் அனைவரும் ஒரே குரலில் சொன்னது, அது உடற்சூடு என்பதுதான். தயிரைக் கூட்டிக் கொடுங்கள் என்றார்கள்; கூட்டிக் கொடுத்தோம். வேப்பிலை அரைத்துப் பூசினோம், தேங்காயெண்ணெய் தடவினோம். அவன் நக்கித் தின்றான். தெருநாய்களின் சொறிக்குப் பழைய இயந்திர எண்ணெய் பூசும் வழக்கத்தைக் கூட ஒருவர் பரிந்துரைத்தார். நல்ல வேளையாக அதைச் செய்யவில்லை. நாய் அதை நக்கினால் நஞ்சு; தோல் வழியாகவும் அது உடலுக்குள் செல்லும்.

மருத்துவரிடமும் சென்றோம். அங்கு ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. பத்து நாள் அமைதி, பிறகு மீண்டும் பழையபடியே. மூன்றாவது ஊசிக்குப் பின் அவன் தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும் பெருகியதைக் கண்டு அஞ்சி, வேறொரு கால்நடை மருத்துவரை நாடினோம்.

வரிசை தவறாத விசாரணை

அந்த அம்மையார் முதல் நாளில் உணவைப் பற்றிப் பேசவே இல்லை. அரிக்கும் நாய்க்கு முதலில் விலக்க வேண்டியது தெள்ளுப்பூச்சி என்றார். தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்குச் சில கடிகளே போதும். அதன் அடையாளம் பெரும்பாலும் இடுப்பின் மேற்புறத்திலும் வாலின் அடியிலும் தெரியும். மோத்திக்குத் தொல்லை இருந்ததோ பாதம், காது, அக்குள், தொடையிடுக்கு, மலவாயைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில். இருப்பினும் மாதந்தோறும் பூச்சி மருந்து தவறாமல் இடப்பட்டது. அடுத்து, காதிலும் விரலிடுக்கிலும் பெருகியிருந்த ஈஸ்ட் பூஞ்சைக்கு மருந்து. ஒவ்வாமையால் பழுதுற்ற தோலில் இப்பூஞ்சை இரண்டாவதாக வந்து குடியேறும். அதுவும் தன் பங்குக்கு அரிக்கும். அதை அடக்காமல் உணவை மாற்றிப் பார்ப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போன்றது என்றார் அவர்.

இவ்வளவும் முடிந்தபின் எஞ்சிய அரிப்புக்கு இரண்டு ஐயங்கள் மிஞ்சின. ஒன்று, வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள், மகரந்தம் முதலிய சுற்றுப்புறப் பொருள்களால் வரும் ஒவ்வாமை. மற்றது உணவு. துன்பம் என்னவென்றால், இவ்விரண்டும் தோலில் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. எத்துணை அனுபவமிக்க மருத்துவராலும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல இயலாது. இரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றைக் கொண்டு உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதாகச் சொல்லும் சோதனைகள் நம்பத்தக்கவையல்ல. உடல்நலமுள்ள நாய்களுக்கும் அவை ஒவ்வாமை இருப்பதாகக் காட்டியிருக்கின்றன. அவ்வகைச் சோதனை ஒன்றுக்குப் பணம் கட்ட நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். அந்தப் பணத்தைச் சேமித்து உணவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று தடுத்தவர் அவரே.

எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. நாலாண்டுகளாக உண்டு செரித்த உணவு இப்போது மட்டும் எப்படி ஒவ்வாமல் போகும்? ஒவ்வாமையின் இயல்பே அதுதான் என்று விளக்கினார். உடலின் காப்பு ஆற்றல் ஒரு புரதத்தைப் பலமுறை சந்தித்த பிறகே அதைப் பகையாகக் கருதத் தொடங்குகிறது. ஆகவே, புதிதாகத் தந்த பொருளைக் காட்டிலும் நாள்தோறும் தந்த பொருளே ஐயத்துக்கு உரியது.

2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களின் விவரங்களைத் திரட்டியது. அவற்றுள் மாட்டிறைச்சிக்கு ஒவ்வாமை கொண்டவை 34 விழுக்காடு, பாற்பொருள்களுக்கு 17, கோழிக்கு 15, கோதுமைக்கு 13. இவை மேலை நாட்டு நாய்களின் கணக்கு. அங்கு அவை மிகுதியாக உண்ணும் பொருள்களே அங்கே முன்னிற்கின்றன. நம் நாட்டுச் சைவ வீடுகளின் நாய்க்கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள்: பால், தயிர், சப்பாத்தி. பட்டியலின் இரண்டாம் இடமும் நான்காம் இடமும் அதில் இருக்கின்றன.

தானியமில்லா உணவு என்று விளம்பரம் பெற்று விற்பனையாவதை வாங்கலாமா என்றும் கேட்டோம். அரிசி மீதும் சோளத்தின் மீதும் போடப்படும் பழி பெரும்பாலும் அளவுக்கு மீறியது என்பது அவர் கருத்து. பருப்பு, பட்டாணி வகைகள் மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியதையும் குறிப்பிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இருபது கிலோ உணவு

இனி எஞ்சியது விலக்கு உணவுச் சோதனை. நாய் இதுவரை உண்டறியாத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் கொண்ட உணவைத் தந்து, வேறெதையும் வாயில் படாமல் காப்பதே அதன் முறை. புலால் சமைக்கும் வீடுகளில், நாய் அதுவரை உண்ணாத மீனையோ வாத்திறைச்சியையோ சர்க்கரைவள்ளிக்கிழங்குடன் வேகவைத்துத் தருவது உண்டு. உப்பு, மசாலா எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது. அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வீட்டில் சமைத்துத் தருவதில் சுண்ணாம்புச் சத்து முதலியன போதா என்பதால், அதை மருத்துவர் வகுத்துத் தரும் அளவின்படியே செய்யவேண்டும். வளரும் குட்டிகளுக்கு இது மேலும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் புலால் சமைக்கும் வழக்கம் இல்லாததால் இரண்டாம் வழியைத் தேர்ந்தோம். ஹைட்ரோலைஸ்டு உணவு என்று ஒன்று உண்டு. அதிலுள்ள புரதம், காப்பு ஆற்றலுக்கு அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறு துணுக்குகளாக உடைக்கப்பட்டிருக்கும். மருத்துவர் எழுதித் தந்து வாங்குவது; விலையோ வழக்கமான உணவைப் போலப் பன்மடங்கு. மோத்திக்கு நாளொன்றுக்கு 350 கிராம் வீதம் எட்டு வாரத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ தேவை. ஏன் எட்டு வாரம்? உணவு ஒவ்வாமை கொண்ட நாய்களில் பத்துக்கு எட்டு ஐந்து வாரத்தில் குணம் காட்டும். எட்டு வாரம் பொறுத்தால் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல். தோல் ஆறுவதற்கு அத்தனை காலம் ஆகிறது. மூன்றாம் வாரத்தில் பயனில்லை என்று கைவிடுபவர்களே மிகுதி என்றார் மருத்துவர்.

ஜூலை மாதத் தொடக்கத்தில், மழை நாள் ஒன்றில் தொடங்கினோம். வீட்டு வேலைக்கு வரும் மாவ்ஷியிடம் சப்பாத்தித் துண்டு தரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். முதல் வாரத்தில் ஒருமுறை மறந்து தந்துவிட்டதாக அவரே வந்து சொன்னார்; அதன்பின் இல்லை. வாயிற்காவலர் அன்பாகத் தரும் குளுக்கோஸ் பிஸ்கட்டைத் தடுக்க, மோத்தியின் கழுத்துப் பட்டையில் மராத்தியில் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. கோழிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரையும் சோதனையைக் கெடுக்கும் என்பதால், கழுத்தில் இடும் சொட்டு மருந்துக்கு மாறினோம். இத்தனை எச்சரிக்கையும் எங்களுக்குச் சற்றுப் பெருமிதம் தந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாட்காட்டியில் எண் 8இலிருந்து 5க்கு இறங்கியது. பிறகு 5இலேயே நின்றது. ஐந்தாம் வாரம் மருத்துவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாரோ ஏதோ தருகிறார்கள்" என்றார். நாங்கள் உறுதியாக மறுத்தோம்.

இரண்டு நாள் கழித்து, தேர்வுக்குப் படிக்க விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்த மகள் பால்கனியில் விளக்கெரிவதைக் கண்டாள். அப்பா நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். அருகில் சிறு தட்டில் கொஞ்சம் பால். அதில் அரை மாரி பிஸ்கட்டை நனைத்து மோத்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மறைத்துச் செய்யவில்லை. உணவை மாற்றுகிறோம் என்றுதான் நாங்கள் சொல்லியிருந்தோம். அவர் கணக்கில் அது உணவே அல்ல. "அரை பிஸ்கட், இரண்டு வாய்ப் பால். இதையுமா கணக்கில் வைப்பீர்கள்?" என்று வியப்போடு கேட்டார். பிறகு, கேட்காமலே சொன்னார்: "உங்கள் அம்மா போன பிறகு அந்த வேளையில் என்னோடு விழித்திருப்பவன் இவன் ஒருவன்தானே."

அம்மா மறைந்தது மோத்தி வீட்டுக்கு வந்த ஆண்டில். நாலாண்டுகளாக நாள் தவறாமல் அந்தத் தட்டு வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் நால்வரில் மூவர் உறங்கிக்கொண்டிருந்தோம்.

அன்றைய தினத்திலிருந்து அப்பா மோத்தியைத் தொடுவதையே விட்டார். கடிந்து ஒரு சொல் நாங்கள் சொல்லவில்லை. ஆயினும் கழிந்த ஐந்து வாரங்களைப் பற்றியும், மீண்டும் வாங்க வேண்டிய உணவுப் பையின் விலையைப் பற்றியும் அவர் காதில் விழும்படி பேசிக்கொண்டோம். அது எங்கள் தவறு. விடியற்காலையில் மோத்தி அவர் கதவருகே சென்று படுப்பான். கதவு திறக்காது.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்கையில் அப்பாவையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். அம்மையார் பாலைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மராத்தியும் ஆங்கிலமும் கலந்து பேசிய அவர், "ஐயா, இந்த வீட்டில் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுபவர் நீங்கள்தான். சோதனையை நீங்களே நடத்தித் தாருங்கள்" என்று நாட்காட்டியை அவரிடம் நீட்டினார். காலையில் 350 கிராமைத் தராசில் நிறுத்து, அதிலிருந்தே ஒரு பிடியை எடுத்து விடியற்காலையில் ஊட்டலாம் என்ற ஏற்பாடும் அவருடையதே. தின்பண்டம் கூடாது என்பதல்ல, சோதனை உணவுக்கு வெளியே எதுவும் கூடாது என்பதே விதி. அதைத் தொடக்கத்திலேயே நாங்கள் அப்பாவிடம் அமர்ந்து விளக்கியிருக்கலாம்.

மீண்டும் தந்து பார்த்தல்

எட்டு வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாம் வாரம் 4. ஆறாம் வாரம் 2. அக்டோபர் நடுவில், எட்டாம் வாரம் முடிந்தபோது, நாட்காட்டியில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் தொடர்ந்து ஐந்து நாள் 1 என்று இருந்தது. அக்குளில் முடி முளைத்திருந்தது. மகள் காதை முகர்ந்து பார்த்து, வாடையில்லை என்று அறிவித்தாள்.

பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நாங்களும் நிறுத்தவே விரும்பினோம். மருத்துவர் ஒப்பவில்லை. மழைக்காலம் முடிந்ததால் குறைந்ததா, உணவால் குறைந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். பழைய பொருள்களை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கு இரண்டு வாரம் வீதம், மீண்டும் தந்து பார்த்தாலொழிய சோதனை முழுமை பெறாது. நலமாக இருப்பவனைச் சொறிய வைப்பதா என்று அப்பா வருந்தினார்.

முதலில் பழைய உலர் உணவைத் தந்தோம். கோழியும் அரிசியும் சோளமும் கலந்தது. இரண்டு வாரமும் எண் 1இலும் 2இலும் நின்றது. அதாவது நாங்கள் முதலிலிருந்தே ஐயுற்ற கோழி குற்றமற்றது. அடுத்து சப்பாத்தி. அதுவும் ஒன்றும் செய்யவில்லை, மாவ்ஷிக்குப் பெருமகிழ்ச்சி. மூன்றாவதாகப் பால். அதை அப்பா தம் கையால் தர மறுத்துவிட்டார். நாங்கள் கிண்ணத்தில் வைத்தோம். மூன்றாம் நாள் காதுமடல் சிவந்தது. ஐந்தாம் நாள் எண் 6. நிறுத்தினோம். பத்து நாளில் மீண்டும் 2.

பால் சில நாய்களுக்குக் கழிச்சல் தருவது பலரும் அறிந்ததே. அது பாலிலுள்ள சர்க்கரை செரியாமையால் வருவது, ஒவ்வாமை அன்று. மோத்தியின் உடல் பகையாகக் கருதியது பாலின் புரதத்தை. தயிராக உறைந்தாலும் பனீராகத் திரிந்தாலும் அந்தப் புரதம் அங்கேயே இருக்கும். உடற்சூட்டுக்கென்று நாங்கள் கூட்டித் தந்த தயிரை எண்ணும்போது இன்றும் நாணமாகத்தான் இருக்கிறது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பதின்மூன்று வாரங்களில் 32 கிலோ மருத்துவ உணவு வாங்கினோம். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் அந்த உணவு மோத்திக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படவில்லை. அது ஓர் அளவுகோலாகப் பயன்பட்டதோடு சரி. பழைய உலர் உணவுக்கே திரும்பிவிட்டான். சோதனையை முடிக்காமல் விட்டிருந்தால், ஒவ்வாமை கோழிக்கென்று எண்ணி அந்த விலையுயர்ந்த பையையே ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்போம். நாய்களுக்கான காப்பீடு நம் நாட்டிலும் கிடைக்கிறது. எங்களைப் போல நோய் வந்த பின் தேடுபவர்கள், ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படிப்பது நலம்.

இப்போது பொட்டலங்களின் பின்புறத்தைப் படிக்கப் பழகிவிட்டோம். பிஸ்கட், ரொட்டி, நாய்களுக்கான சுவைக்கட்டி எதிலும் பால்திடப்பொருள் என்ற சொல் ஒளிந்திருக்கக்கூடும். தீபாவளிக்கு அண்டை வீட்டார் கொண்டுவரும் பேடா உயரமான அலமாரிக்குச் செல்கிறது.

மோத்தி முற்றிலும் குணமாகிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. இந்த ஆண்டு ஜூன் மாதம் மழை பிடித்ததும் எண் 3க்கும் 4க்கும் ஏறியது. தூசிக்கும் சிறிது ஒவ்வாமை இருக்கிறது. அதற்கு வாரம் ஒருமுறை மருந்துக் குளியலும், வெளியே சென்று வந்தால் பாதம் துடைத்தலும் என்றார் மருத்துவர். சில வாரங்களுக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. ஆனால் இரவில் அந்தக் கால் தரையில் மோதும் ஓசை இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா தம் தேநீரைச் சமையலறையிலேயே நின்று குடித்துவிடுகிறார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். மோத்தி அவருக்கு முன்னே போய் நாற்காலியருகில் அமர்ந்திருக்கிறான். திரும்பி வரும்போது நாட்காட்டியில் அன்றைய எண்ணை எழுதுகிறார். இன்று 2.